வழியில்தானே விமான நிலையம்

மெல்பேர்னுக்கு வந்து இருபத்தாறு வருடமாகிறது. எனக்கு இன்னும் கார் ஓட்டத் தெரியாது. மூன்று தடவை பரீட்சைக்குப் போனேன். மூன்று தடவையும் பக்கத்தில் இருந்த பரிசோதகர் என்னைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டுதான் இறங்கினார். அதற்குப் பிறகு அந்த மனிதர்களை வதைக்கவேண்டாம் என்று விட்டுவிட்டேன். அன்று தொடக்கம் நான் எங்கே போவதென்றாலும் மற்றவர்களின் தயவில்தான் போகிறேன். தயவுக்கு நேர அட்டவணை கிடையாது என்பதை என்னைப்போல அறிந்தவர்கள் குறைவு.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்பிரிங்வேல் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து சுற்றுலா போனோம். ஒரு வான் வண்டியும் நாலு கார்களும். போன இடம் வடக்கே இரண்டரை மணித்தியாலத்தில் இருக்கும் ஒரு பழைய தங்கச் சுரங்க ஊர். தங்கம் முடிந்து நூறு வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஊரை மட்டும் அந்தக் காலத்தில் இருந்தபடியே வைத்திருக்கிறார்கள். அதே தகரக் கூரை, கண்ணாடிப் போத்தல்களில் இனிப்பு, பார்க்க ஆள் வந்தால் மட்டும் சுத்தியலை எடுக்கும் ஒரு கொல்லன். எங்கள் ஆட்கள் கடைத்தெருவை இருபது நிமிடத்தில் நடந்து முடித்தார்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கு முன்னாலும் நின்று அந்தக் கட்டடம் தெரியாதபடி படம் எடுத்தார்கள். பிறகு பூங்காவில் பாய் விரித்து, வந்த வேலையைத் தொடங்கினார்கள். இடியப்பம், ஆட்டிறைச்சிப் பிரட்டல், கத்தரிக்காய்க் குழம்பு. முப்பது பேருக்கு இடியப்பம் அவித்தது நான்.

அன்று மாலை ஆறு மணிக்கு நான் விமான நிலையத்தில் நிற்கவேண்டும். பேர்த்தில் வேலை செய்யும் என் மகன் நியூசிலாந்துக்குப் போகும் வழியில் மெல்பேர்னில் விமானம் மாறுகிறான். அவனைப் பார்த்து இரண்டு வருடம்.

அந்த இரண்டு வருடத்துக்கும் காரணம் நான்தான். கிளேட்டனில் அவனுக்குப் பட்டமளிப்பு நடந்த நாளில், என்னைக் கூட்டிக்கொண்டு போன அன்ரி, வழியில் ஒரு வீட்டில் இரண்டு நிமிடம் தலையைக் காட்டிவிட்டுப் போவோம் என்றார். அங்கே தேத்தண்ணி வந்தது. தேத்தண்ணியோடு வடை வந்தது. வடை வந்தபின் எழும்புவது மரியாதை இல்லை. நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது அவன் மேடையில் ஏறி இறங்கிவிட்டான். என்னோடு அவன் சண்டை பிடிக்கவில்லை. பேர்த்தில் வேலை எடுத்தான், போனான், அவ்வளவுதான். தொலைபேசியில் பேசினால் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அத்தோடு சரி. இப்போது ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தான். ஞாயிறு ஆறு மணி, விமான இலக்கம், உள்நாட்டு முனையம், ஒரு மணித்தியாலம் இருக்கும், முடிந்தால் வாங்கோ. அந்த ‘முடிந்தால்’ என்ற சொல் மூன்று நாளாக என் நெஞ்சைக் குடைந்துகொண்டிருந்தது.

அப்படியானால் அன்றைக்கு ஏன் சுற்றுலாவுக்குப் போனாய் என்று கேட்பீர்கள். இடியப்பத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டேன். அதைவிட, சுற்றுலாவை ஒழுங்கு செய்த அண்ணை என்னிடம் அடித்துச் சொன்னார்.

“தங்கச்சி, ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ. திரும்பி வாற வழியிலதானே எயார்போட் கிடக்கு. நானே வாசலில இறக்கி விடுறன்.”

அவர் சொன்னது பொய்யில்லை. விமான நிலையம் வழியில்தான் இருக்கிறது. வழியில் ஏறுவதுதான் எங்கள் சனத்துக்குக் கஷ்டம்.

சாப்பாடு முடிந்ததும் விசாரிக்கத் தொடங்கினேன். இரண்டு மணிக்கு வெளிக்கிடுவோம் என்று அண்ணை சொல்லியிருந்தார். இதற்கு ஒரு விளக்கம் தேவை. எங்கள் ஆட்களுக்கு நேரம் சொல்வதற்கென்று ஒரு முறை உண்டு. எட்டரைக்குத் தொடங்கும் விழாவுக்கு அழைப்பிதழில் ஆறரை என்று அடிப்பார்கள். வருகிறவர்களுக்கும் அது தெரியும் என்பதால் ஒன்பதுக்கு வருவார்கள். நானும் அப்படித்தான். மகனின் பத்தாவது பிறந்தநாளுக்கு ஐந்து மணி என்று போட்டேன். என்னோடு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஐந்துக்கே பூங்கொத்தோடு வந்து மணியடித்தாள். நான் தலையில் எண்ணெயோடு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அவளும் ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆகவே அண்ணையின் இரண்டு மணி என்பது நாலு மணி என்று எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். அவசரத்தில் மறந்துவிட்டேன்.

இரண்டுக்குச் சற்று முன்னால், “சரி, போட்டு வாறம்” என்று முதல் குரல் எழுந்தது. போட்டு வாறம் என்றால் போகப்போகிறோம் என்று அர்த்தமில்லை. இனிமேல் நின்றுகொண்டு கதைக்கப்போகிறோம் என்றுதான் அர்த்தம். எல்லோரும் எழும்பி, கார்க் கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, கதவுக்கு வெளியே நின்றார்கள். அதற்குள் மிச்சச் சாப்பாட்டைப் பங்கு போடும் வேலை தொடங்கியது. வெறும் ஐஸ்கிரீம் டப்பாக்கள் வெளியே வந்தன. நீங்கள் கொண்டுபோங்கோ, இல்லை நீங்கள் கொண்டுபோங்கோ என்று ஒரு டப்பா பிரட்டல் நாலு கைக்கு மாறி, கடைசியில் சமைத்த வீட்டுக்காரியிடமே திரும்பி வந்தது. அண்ணை வான் வண்டியின் திறப்புக் கொத்தைக் கையில் சுழற்றிக்கொண்டு மல்கிரேவில் வீட்டு விலை ஏறுவதைப் பற்றி ஆரம்பித்தார். இன்னும் ஆரம்பத்தில்தான் நின்றார்.

சரி, வேறு வழி பார்ப்போம் என்று ஒரு கணவன் மனைவியிடம் போனேன். அவர்களும் வழியில்தானே என்றார்கள். ஆனால் வரும்போது பாதை தவறியது யாரால் என்ற வழக்கு அவர்களுக்குள் முடியவில்லை. மனைவி முன் இருக்கையில் ஏற மறுத்துப் புல்லில் உட்கார்ந்திருந்தார். அந்த வழக்கில் சாட்சியாகப் பின் இருக்கையில் ஏற எனக்குத் துணிவு வரவில்லை.

அடுத்தது கிளேட்டனில் இருந்து வந்த தம்பி. மதுரைப் பக்கம், கம்ப்யூட்டர் வேலை, புது எலக்ட்ரிக் கார்.

“ஆன்ட்டி, கவலையே படாதீங்க. நான் டிராப் பண்றேன். சார்ஜ் மட்டும் கொஞ்சம் போட்டுக்கணும்.”

“எவ்வளவு கிடக்கு, தம்பி?”

“ஒம்போது பர்சென்ட். வர்றப்ப ஏசிய ஃபுல்லா வச்சுட்டேன்.”

“சார்ஜ் எங்க போடுறது?”

“அதான் ஆன்ட்டி தேடிட்டிருக்கேன்.”

நல்ல பிள்ளை. பொய் சொல்லத் தெரியாததால் அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

மணி இரண்டு பத்து. அழுகை வந்தது. திரும்பவும் அதே கதைதான் நடக்கப்போகிறது என்று தெரிந்தது. அந்த நேரம் பார்த்து ஊர் நிலையத்தில் புகைவண்டி கூவியது. அது உல்லாசப் பயணிகளுக்காக ஓடும் பழைய நீராவி வண்டி. காலையில் அதற்கு முன்னால் நின்றும் படம் எடுத்திருந்தோம். அறிவிப்புப் பலகையில், பக்கத்து ஊருக்கு இரண்டரைக்குக் கடைசி வண்டி என்று இருந்தது ஞாபகம் வந்தது. பக்கத்து ஊரில் மெல்பேர்னுக்குப் போகும் உண்மையான ரயில் நிற்கும்.

போகிறேன் என்று சொன்னால் விடமாட்டார்கள். நாங்கள் இவ்வளவு பேர் காரோடு நிற்க ரயிலில் போகப்போகிறாயா என்று கையைப் பிடித்து, இன்னொரு டப்பாவைத் திணிப்பார்கள். ஆகவே வாழ்க்கையில் முதல்தடவையாக நான் சொல்லாமல் புறப்பட்டேன். கழிப்பறைப் பக்கம் போவதுபோல் நடந்து, மூலையில் திரும்பியதும் ஓடினேன். சேலையோடு ஐம்பத்துநாலு வயதில் ஓடுவது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்க விரும்பவில்லை. வண்டியில் தொப்பி போட்ட தாத்தாமாரும் முகத்தில் சொக்லேட் பூசிய சிறுவர்களும் இருந்தார்கள். வண்டி பூங்காவைத் தாண்டும்போது எங்கள் சனம் எனக்குக் கை காட்டியது. ஆசைக்கு ஒரு சுற்றுப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். நானும் கை காட்டினேன். அன்று அந்த ஊரில் சொன்ன நேரத்துக்குப் புறப்பட்டது அந்தக் கிழட்டு வண்டி ஒன்றுதான்.

பக்கத்து ஊரில் ரயில் பிடித்தேன். நகரத்து நடுவில் சதர்ன் குரொஸ் நிலையத்தில் இறங்கி விமான நிலைய பஸ் பிடித்தேன். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது உள்நாட்டு முனையத்தில், பயணிகள் வெளியே வரும் இடத்துக்கு முன்னால் ஒரு கதிரையில் உட்கார்ந்தேன். எனக்கு என்மேல் அப்படியொரு பெருமை.

ஆறு மணியாயிற்று. ஆறேகாலாயிற்று. அவன் வரவில்லை. எழும்பிப் போய்ப் பலகையைப் பார்த்தேன். ஆறு மணிக்குப் பேர்த்தில் இருந்து விமானமே இல்லை. அவன் அனுப்பிய செய்தியை எடுத்து, அதில் இருந்த விமான இலக்கத்தைப் பலகையில் தேடினேன். வருகை ஏழு இருபது. தாமதம் ஏதும் இல்லை. ஏழு இருபதுக்கு வருவதாகத்தான் முதலில் இருந்தே இருந்தது.

எனக்கு விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. அழைப்பிதழில் அடிக்கிற நேரத்தை என் பிள்ளை எனக்கே அடித்திருந்தான். முதலில் கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபத்துக்கு எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

ஆட்கள் வந்தார்கள், கட்டிப்பிடித்தார்கள், போனார்கள். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அறையில் அவனும் இப்படித்தான் இருப்பான். எல்லாப் பிள்ளைகளும் போயிருக்கும். புத்தகப் பை மடியில் இருக்கும், கண் கதவில் இருக்கும். ‘அம்மா வந்திட்டன்தானே’ என்று சொல்லிக்கொண்டு நான் நுழைவேன், ஏதோ நான் அவனுக்குப் பரிசு கொண்டு வந்தவள்போல. எத்தனை வருடம்.

ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. அண்ணை.

“தங்கச்சி, எங்க நிக்கிறியள்? எல்லாரும் ஏறியாச்சு, வெளிக்கிடப் போறம்.”

நான் விமான நிலையத்தில் இருக்கிறேன் என்றேன். அதை அவர் வானில் இருந்தவர்களுக்குச் சொல்வது கேட்டது. பிறகு, “நாங்கள் இறக்கி விட்டிருப்பமெல்லோ?” என்றார், மனம் நொந்துபோய். இன்றுவரைக்கும் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஏழரை தாண்டி மகன் வந்தான். மெலிந்திருந்தான். என்னைத் தூரத்திலேயே கண்டு, நின்று, கைபேசியில் நேரத்தைப் பார்த்தான்.

“அம்மா? யூ ஆர் ஆல்ரெடி ஹியர்?”

“ஆறு மணி எண்டுதானே சொன்னனீ.”

அவன் முகம் சிவந்துவிட்டது. “ஐ தோட்... நீங்க எப்பிடியும் லேட்டாத்தான்...” என்று இழுத்துவிட்டுப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தான். பையை மடியில் வைத்தான். “சொரி அம்மா. கனநேரம் காத்துக்கொண்டு இருந்தனீங்களா?”

இல்லையப்பா, இப்பதான் வந்தனான் என்று சொல்ல வாய் எடுத்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். அவனும் அந்த அறையில் இருந்து எழும்பி வரும்போது, பரவாயில்லை அம்மா, கொஞ்ச நேரம்தான் என்றுதான் சொல்வான். நானும் நம்பினேன்.

“ஓம்,” என்றேன். “கனநேரம்.”