முப்பத்தொரு கூடுகள்

மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. மெஷின் வந்த பிறகும், முடிவில் சந்தேகம் என்றால் டாக்டர்கள் அவளிடம்தான் அனுப்புவார்கள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து ஒவ்வொரு அணுவாக எண்ணுவாள். "அக்கா கல்யாண வீட்டுக்குப் போனாலும் தலையை எண்ணிட்டுத்தான் சாப்பிட உட்காருவாங்க" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள்.

பறவை பார்க்கும் குழுவை நடத்திய டீச்சர் அதனால்தான் நாரைக் கூடுகளை அவளிடம் ஒப்படைத்தார். மூடிக் கிடந்த மில்லுக்குப் பின்னால் ஒரு குளம், கரையில் வரிசையாக உயர்ந்த மரங்கள். குளிர் விலகும் மூன்று வாரங்களில், இலை துளிர்ப்பதற்குள் எண்ணிவிட வேண்டும். துளிர்த்துவிட்டால் கூடுகள் கண்ணுக்குத் தப்பிவிடும். ஏழு வருடம் அவள் ஒருமுறைகூடத் தவறவில்லை.

எட்டாவது வருடம் நாத்தனார் வந்து தங்கியதில் இரண்டு ஞாயிறு போயிற்று. மூன்றாவது ஞாயிறு ஒரே மழை. டீச்சர் போன் செய்தார்.

"இன்னிக்குத்தான் கடைசி நாள்மா. அனுப்பிடறியா?"

"அனுப்பிடறேன் டீச்சர்."

பஸ் ஓட்டும் கணவர் போர்வைக்குள்ளிருந்து கேட்டார்: "போன வருஷம் எத்தனை?"

"முப்பத்திரண்டு."

"அதையே போடேன். நாரை வந்து சண்டையா போடப் போகுது?"

அவளும் சிரித்துவிட்டாள். அதே எண்ணைப் போட்டால் சந்தேகம் வரும் என்று முப்பத்தொன்று என எழுதினாள். போகாததைவிட, நம்பும்படி அந்த ஒன்றைக் குறைத்ததுதான் பின்னாளில் அவளை அதிகம் குத்தியது.

அந்தக் கோடையில், பாதிக் குளத்தை நிரப்பிக் கிடங்கு கட்ட அனுமதி கிடைத்த செய்தி பேப்பரில் வந்தது. கரையில் ஏற்கெனவே நடக்கும் மண் நிரவும் வேலையால் நாரைகளுக்குப் பாதிப்பில்லை, கூடுகள் பெரிதாகக் குறையவில்லை என்று நகராட்சி சொல்லியிருந்தது. ஆதாரம், பறவைக் குழு வழியாகப் போன அவளுடைய கணக்கு.

அடுத்த வருடம் குளிர் குறைந்ததும் ஓடினாள். மரங்கள் வெறுமையாக நின்றன.

"போன வருஷமே எட்டோ ஒன்பதோதான்மா இருந்துச்சு" என்றார் மில் காவலாளி. "லாரி வர ஆரம்பிச்சதும் ஒண்ணொண்ணா போயிடுச்சு."

நேரே டீச்சர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஒன்பதுன்னு எழுதியிருந்தா நிறுத்தியிருப்பாங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா போய்க் கேட்க எனக்கு வாயாவது இருந்திருக்கும்."

இருவரும் கையெழுத்திட்டு நகராட்சிக்கு உண்மையை எழுதினார்கள். கிடங்குக்குக் கூரை போட்டாகிவிட்டது என்று பதில் வந்தது.

"எண்ணறதுக்கு எனக்கு இனிமே எந்த இடமும் வேண்டாம் டீச்சர்."

"வேண்டாம்னு சொல்றது சுலபம். அதே மரங்களைப் பாரு. கூடு இல்லைன்னாலும் யாராவது பார்த்துத்தானே எழுதணும்."

அதற்குப் பிறகு நான்கு வருடமாகப் போகிறாள். மூன்று ஞாயிறும் போய், மரம் மரமாக அண்ணாந்து பார்த்து, பூஜ்யம் எழுதுகிறாள். இந்த முறை ஒற்றை நாரை ஒன்று கிடங்குக் கூரையில் வந்து இறங்கியது. கழுத்தை நீட்டி மரங்களின் பக்கம் பார்த்தது. அவள் மூச்சை அடக்கி நின்றாள். சிறிது நேரத்தில் அது எழும்பி ஆற்றுப் பக்கம் போய்விட்டது.

படிவத்தில் கூடுகளுக்கு மட்டும்தான் இடம் இருந்தது. பூஜ்யம் என்று எழுதினாள்.