அப்பா திரும்பிப் பார்க்கும் படம்

சென்னையில் நான் போய்ப் பார்க்கிற படங்களைப் பற்றி ஊரில் யாரிடமும் வாய் திறப்பதில்லை. ஒரே ஒருமுறை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "ஒரு சுவரு மட்டுந்தான்மா. அதுல வெயில் ஏறும், இறங்கும். ஒன்பது நிமிஷம். அம்புட்டுத்தான் படம்." அம்மா என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "நம்ம வீட்டுச் செவுத்துலயுந்தான் வெயிலு ஏறுது. அதைப் பாக்கவா பஸ்சு ஏறிப் போற?" என்றாள்.

மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் அந்தப் படங்களைப் போடுவார்கள். இருபது பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கும், பன்னிரண்டு பேர் வருவோம். கதை கிடையாது, பாட்டு கிடையாது, சில படங்களில் மனிதர்களே கிடையாது. ஒருவர் பிலிமை ஊசியால் கீறியிருப்பார். இன்னொருவர் அதைக் காபித்தூள் கரைத்த தண்ணீரில் கழுவியிருப்பார். முடிந்ததும் கை தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். எனக்கு அந்தத் திகைப்பு பிடிக்கும். அலுவலகத்தில் நாள் முழுக்க எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லியே அலுத்துப்போகிற எனக்கு, யாரும் காரணம் கேட்காத ஓர் இடம் அது.

அங்கே பழக்கமானவர்தான் அந்தப் படக்காரர். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். சாவி கொடுத்து ஓட்டுகிற பழைய பிலிம் கேமரா ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி வைத்திருப்பார். ஒருமுறை சாவி கொடுத்தால் அரை நிமிடம்கூட ஓடாது. "மூடுபனிக்குள்ள ஒருத்தர் நடந்து போய் மறையறதை எடுக்கணும்" என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எங்க வீட்டு வாசலுக்கே பனி வரும், வாங்க" என்றேன்.

எங்கள் வீடு அப்போது போடிக்கு மேலே குரங்கணியில், ஜீப் ரோட்டை ஒட்டி இருந்தது. அப்பா மலைமேல் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசர். திங்கட்கிழமை காலையில் மலை ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவார். ஜீப்பு இருந்தாலும் நடந்துதான் போவார். ஜீப்பில் போனால் குடல் இடம் மாறிவிடும் என்பார்.

அப்பாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கிளம்பிப் போகிறவரைப் பின்னால் கூப்பிடக் கூடாது. யாராவது தெரியாமல் கூப்பிட்டுவிட்டால் திரும்பி வருவார், உட்காருவார், ஒரு வாய் தண்ணீர் குடிப்பார், அதன்பிறகு புதிதாகக் கிளம்புவார். இது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் மற்றவர்கள் வாசலைத் தாண்டிவிட்டால் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். அப்பா முதல் வளைவு வரை போயிருந்தாலும் திரும்பி வருவார். அம்மா சிரித்துக்கொண்டே சொம்பை நீட்டுவாள். "பாதி மலை ஏறிட்டு வந்து தண்ணி குடிக்கிற ஆளு நீங்க ஒருத்தருதான்."

படக்காரர் வந்து நான்கு நாள் தங்கினார். பனி வரவில்லை. எங்கள் ஊர்ப் பனிக்கு விருந்தாளி வந்திருப்பது எப்படியோ தெரிந்துவிடும். ஐந்தாம் நாள் திங்கட்கிழமை. விடிந்ததும் பனி இறங்கி வந்து, வாசலுக்கு எதிரே மிளகுக்கொடி படர்ந்த மரங்களைப் பாதிவரை மூடியிருந்தது. படக்காரர் வாசலில் கேமராவை நிறுத்திவிட்டு அப்பாவிடம் போனார். "சார், பிலிம் கொஞ்சந்தான் மிச்சம் இருக்கு. என்ன ஆனாலும் நின்னுடாதீங்க. திரும்பி வந்துடாதீங்க. நேரா நடந்துகிட்டே இருங்க."

"சரிங்க தம்பி" என்றார் அப்பா. வெளுத்த சட்டை போட்டிருந்தார். தலைகூடச் சீவியிருந்தார்.

யார் எங்கே நின்றோம் என்பதைச் சொல்லியாக வேண்டும். கேமராவுக்கு வலது பக்கம் எங்கள் வீடு. அடுப்படி ஜன்னல் பாதையைப் பார்த்திருக்கும். அம்மா உள்ளே இருந்தாள். நான் கேமராவுக்கு இடது பக்கம், கல்தொட்டி ஓரமாக நின்றேன். அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டியபடி பாதையில் ஏறினார். பனியை எட்டப்போகிற நேரத்தில்தான் கவனித்தேன், அவருடைய குடை தொட்டிமேல் கிடந்தது.

"அப்பா, குடை" என்று கூப்பிட்டேன்.

அப்பா திரும்பினார். வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஒரு நொடி தயங்கினார். கால் இந்தப் பக்கம் வரப் பார்த்தது. பிறகு கேமராவுக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். திரும்பி நடந்து பனிக்குள் போய்விட்டார். அவர் தலை பனியில் மறைவதற்கு முன்பே கேமராவின் சாவி தீர்ந்துவிட்டது.

மத்தியானம் தோட்டத்து ஜீப்பு இறங்கி வந்தது. அப்பா பின்சீட்டில் படுத்திருந்தார். நெஞ்சுவலி, காய் எடுத்துக்கொண்டிருந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டார், போடிக்குக் கொண்டுபோகக்கூட நேரமில்லை என்றார்கள்.

அம்மா அழுதபோது ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "நாந்தான் பெறத்தால கூப்பிட்டேன். மாத்திரை எடுத்துக்கிட்டீகளான்னு அடுப்படியில நின்னு கேட்டேன். என் சத்தத்துக்குத் திரும்புனாரே. திரும்பி வரலையே."

அம்மா கூப்பிட்டது எனக்குக் கேட்கவே இல்லை. நான் கூப்பிட்டதும் அவளுக்குக் கேட்டிருக்காது. வீட்டுக்கும் தொட்டிக்கும் நடுவே ஓடைச் சத்தம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டிருக்கிறோம். ஆனால் அப்பாவின் முகம் என் பக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். அவர் கை ஆட்டியது குடைக்கு. இதை நான் அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதல் நாள் வாய் வரவில்லை, இரண்டாம் நாள் வீடு நிறைய சொந்தக்காரர்கள், பதினாறாம் நாளுக்குள் அம்மாதான் கூப்பிட்டாள் என்பது ஊரறிந்த சேதியாகிவிட்டது. பழியைத் தாயின் தலையில் போட்டுவிட்டு நான் சென்னைக்கு ரயில் ஏறினேன். இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அம்மா குரங்கணி வீட்டைக் காலி செய்துவிட்டுப் போடிக்கு இறங்கினாள். ஏலக்காய் சேமித்துவைக்கிற கிட்டங்கி ஒன்றில் காய் பொறுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, முறத்தில் கிடக்கும் காயைப் பார்வையாலேயே பிரிப்பார்கள். பச்சை வேறு, வெளிறியது வேறு, வெடித்தது வேறு. அம்மாவின் கண்ணுக்கு ஒரு காய் தப்பாது என்று அங்கே பெயர்.

போடி வீட்டில் அவள் ஒரு பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டாள். தினமும் காலையில் வாசல்படியில் ஒரு சொம்புத் தண்ணீர் வைப்பாள். முதல்முறை பார்த்தபோது காக்காவுக்கா என்று கேட்டேன். "அவரு திரும்பி வந்து குடிச்சிட்டுப் போகணும்ல. கூப்பிட்டவதான் வைக்கணும்" என்றாள், சாதாரணமாக. மாலையில் அந்தத் தண்ணீரைச் செம்பருத்திக்கு ஊற்றிவிடுவாள். ஆறு வருடம் ஒரு நாள்கூடத் தவறவில்லை.

அந்தப் பிலிமைப் படக்காரர் பெட்டியில் போட்டு மூடிவைத்திருந்தார். வருடங்கள் கழித்து, "இதைப் படமாப் போடலாமா?" என்று கேட்டார். நான் பார்க்காமலே சரி என்று சொல்லிவிட்டேன். கோழைக்குச் சுலபமான பதில் அதுதான்.

அதே மாடியில், அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதை முதல்முறை பார்த்தேன். இருபத்து நான்கு விநாடி. சத்தம் கிடையாது. அப்பா வாசலிலிருந்து கிளம்புகிறார், பாதையில் ஏறுகிறார், திரும்புகிறார், கையை ஆட்டுகிறார், தயங்குகிறார், நடக்கிறார். பனிக்குள் போகும் முன் வெட்டு. மறுபடி வாசலிலிருந்து கிளம்புகிறார். பிலிமின் தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்கியிருந்தார் படக்காரர். அந்த வளையம் கூரையில் மாட்டிய கப்பிகள்மேல் ஏறி இறங்கி, புரொஜெக்டருக்குள் போய் வந்துகொண்டே இருந்தது. ஓட ஓடப் பிலிமில் கீறல் விழும், ஒரு நாள் படம் முழுவதும் அழிந்து வெறும் வெளிச்சம் மட்டும் மிஞ்சும், அதுதான் இந்தப் படம் என்று அவர் விளக்கினார். பத்துப் பன்னிரண்டு பேர் தலையாட்டினார்கள். நான் ஒவ்வொரு சுற்றிலும் தொட்டி ஓரமாக நின்று என் அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு என்னால் விலகவும் முடியவில்லை. படம் போட்டிருந்த நாளெல்லாம் போனேன். கண்ணை மூடினால் அவர் திரும்பினார். பஸ்ஸில் முன்னால் நின்ற யாரோ ஒருவர் திரும்பினாலும் கையை ஆட்டுகிறாரா என்று பார்த்தேன்.

பிறகு அது மதுரைக்கு வந்தது. ஒரு பழைய வீட்டை எடுத்து, ஓர் அறையை இருட்டாக்கி, காலையிலிருந்து மாலைவரை ஓட்டினார்கள். போனில் பேசும்போது அம்மாவிடம் உளறிவிட்டேன். அப்பா செல்போனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள். அவர் நடந்து, அசைந்து இருக்கிற படம் எங்களிடம் ஒன்றுகூடக் கிடையாது. "என்னையக் கூட்டிட்டுப் போ ஆத்தா" என்றாள் அம்மா.

போடியிலிருந்து மதுரை வரை பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாள். கல்யாணத்துக்கு எடுக்கிற சேலையைக் கட்டியிருந்தாள். பையில் ஒரு பாட்டில் தண்ணீர். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நான் உசிலம்பட்டியில் முடிவு செய்தேன், செக்கானூரணியில் மாற்றிக்கொண்டேன்.

அறை வாசலில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அதைப் பார்த்து, பின்னால் வந்த கல்லூரிப் பிள்ளைகளும் கழற்றினார்கள். படத்தின் கருத்து அதுதான் என்று நினைத்திருப்பார்கள்.

முதல் சுற்றை அம்மா நின்றபடியே பார்த்தாள். இரண்டாவது சுற்றில், "மழையா பெய்யுது? அன்னைக்கு மழை இல்லையே" என்றாள். பிலிமின் கீறல்கள். அதற்குள் நிறைய விழுந்திருந்தன. நான் விளக்கினேன். மூன்றாவது சுற்றில் அவள் முகம் மலர்ந்தது. ஆறு வருடமாக அவளிடம் நான் பார்க்காத முகம்.

"பாத்தியா, திரும்பிப் பாத்துட்டு மறுபடி வாசல்ல இருந்துதான் கிளம்புறாரு. வந்து குடிச்சிட்டுத்தான் போயிருக்காரு" என்றாள். பாட்டிலை எடுத்துத் திறந்து, திரைக்குக் கீழே தரையில் வைத்தாள். அறையைப் பார்த்துக்கொள்ள நின்ற பெண் தடுக்க வந்தாள். நான் கையெடுத்துக் கும்பிட்டதும் நின்றுவிட்டாள்.

அப்போதே கூட்டிவந்திருக்க வேண்டும். அந்த முகத்தோடு வெளியே வந்து, ஒரு டீ குடித்து, பஸ் ஏறியிருந்தால் போதும். அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முறத்தின்மேல் குனிகிற மாதிரி லேசாகக் குனிந்தாள். பத்துச் சுற்று அப்படியே பார்த்தாள். அவள் கண் பொறுக்கிக்கொண்டிருந்தது.

"ஏத்தா" என்றாள் கடைசியில். "அவரு வீட்டுப் பக்கம் பாக்கலை."

திரையில் அப்பா வாசலிலிருந்து கிளம்பினார்.

"அடுப்படி ஜன்னலு இந்தப் பக்கம். அவரு கண்ணு அந்தப் பக்கம் போகுது. தொட்டிப் பக்கம்." அப்பா மறுபடி திரும்பினார். அம்மா விரலை நீட்டினாள். "அங்க யாரு நின்னா?"

"நான்தாம்மா" என்றேன். "குடையை மறந்துட்டாருன்னு கூப்பிட்டேன். நான்தான் கூப்பிட்டேன்மா. நீ இல்ல."

எத்தனை வருடமாக ஒத்திகை பார்த்த வாக்கியம். அதைச் சொன்னால் அவள் தலையிலிருந்து பாரம் இறங்கும் என்று நம்பியிருந்தேன். திட்டுவாள், அடிப்பாள், பிறகு அழுவாள், எல்லாம் சரியாகும் என்றுதான் நினைத்தேன். அம்மா ஒன்றும் செய்யவில்லை. இன்னும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு எழுந்து, தரையிலிருந்த பாட்டிலை எடுத்து மூடிப் பையில் வைத்தாள்.

திரும்பி வரும்போது பஸ் தேனியைத் தாண்டியது. வெயில் சாய்ந்து மலை தெரிய ஆரம்பித்தபோது, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "குடைக்குத்தானே கூப்பிட்ட. நீ என்ன பண்ணுவ." கொஞ்சம் பொறுத்து, "ஆறு வருஷமா, என்னையப் பாத்துட்டுத்தான் போனாருன்னு இருந்தேன்" என்றாள்.

பழியோடு சேர்த்து அந்தப் பார்வையையும் அவள் வைத்திருந்தாள் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பிடுங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் எழுந்து வந்தபோது வாசல்படி காலியாக இருந்தது. கோலம் இருந்தது, சொம்பு இல்லை. அம்மா கிட்டங்கிக்குக் கிளம்பிச் சோற்றுத் தூக்கை மூடிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி வைக்கலையாம்மா?"

"கூப்பிட்டது நான் இல்லையே" என்றாள். குரலில் கோபம் இல்லை. வெரசாகப் போகணும், லோடு வந்திருக்கு என்று சொல்லிச் செருப்பை மாட்டினாள். தெருமுனை வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நான் கூப்பிடவில்லை.

உள்ளே போய், கழுவிக் கவிழ்த்திருந்த சொம்பை எடுத்தேன். தண்ணீர் பிடித்து வாசல்படியில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன்.