ரஹீம் சாரின் பத்து நிமிடம்

"ரஹீம் சார் தவறிட்டாருங்க. மாரடைப்பு. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு எடுக்கறாங்க."

கிருஷ்ணகிரி ஆலையிலிருந்து போன். ஓசூர் கம்ப்யூட்டர் அறையில் இருந்த நான் 'பத்து மணி' என்று தாளில் எழுதிக்கொண்டேன். ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் அவரோடு காவேரிப்பட்டினம் பஸ்ஸில் வந்திருப்பீர்கள். நான் இரண்டு வருடம் அவரோடு போனில் சண்டை போட்டிருக்கிறேன், முகம் பார்த்ததில்லை.

நம் இரண்டு ஆலைகளிலும் தலா ஒரு சர்வர்; கிருஷ்ணகிரியில் அவர் பொறுப்பு, ஓசூரில் நான். ஊழியர் பட்டியல் ஒன்றுதான். எங்கே திருத்தினாலும் மற்றதற்குப் போய்ச் சேரும். ஒரே பெயரை இருவரும் திருத்தினால், எந்தத் திருத்தத்தில் பிந்திய நேரம் பதிவாகியிருக்கிறதோ அது நிற்கும். "ஒரு குழம்பு, ரெண்டு மாமியாரு" என்பார் அவர்.

பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பினேன். தினமும் ஒன்பது மணிச் சங்கு ஊதியதும் ரஹீம் சார் விடுப்புப் பட்டியலை ஏற்றுவார். புதுப் பட்டியல் மாதம் பிறந்தால்தான் வரும். பழையதில் நான் இன்னும் விடுப்பில். ஒன்பது ஐந்துக்கு 'பணியில்' என்று திருத்துவேன். சற்று நேரத்தில் மறுபடி விடுப்பு. ஆனால் குழந்தை அழுது, பஸ்ஸைத் தவறவிட்டு, ஒன்பதரைக்கு வந்து திருத்திய நாட்களில் மட்டும் நின்றது.

"ஏம்மா, லேட்டா வந்தா இருக்கற, நேரத்துக்கு வந்தா லீவுல போயிடற!" என்றார் மேலாளர். சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் பெங்களூரிலிருந்து ஒரு ஆளை என் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, என்னைக் காலை ஆறு மணி ஷிப்டுக்கு அனுப்பிவிடுவாராம். பால் குடிக்கும் பிள்ளையை அந்நேரம் யாரிடம் விடுவது?

வெள்ளிக்கிழமை போனில் கத்தினேன். "சார், உங்க சர்வர்ல மணி என்ன?"

"ஒம்பது இருபத்தஞ்சு."

"இங்க ஒம்பதேகால்!"

"ஆமா. எங்க வீட்டுக் கடிகாரம், கைக்கடிகாரம், எல்லாமே பத்து நிமிசம் முன்னாடிதாம்மா. இல்லாட்டி பஸ் புடிக்க முடியுமா?"

"சர்வர் எந்த பஸ்ஸைப் புடிக்கணும் சார்?"

சிரித்தார். அந்தச் சிரிப்பு, உங்களுக்குத்தான் தெரியுமே.

அவர் ஒன்பதுக்கு ஏற்றிய பட்டியல் ஒன்பது பத்து என்று பதிவாகி, என் ஒன்பது ஐந்தை அழித்திருக்கிறது. சர்வர் கடிகாரத்தைப் பின்னுக்கு வைத்தார். அங்கே ஒன்பது இருபத்தைந்துவரை முன்கூட்டியே பதிவாகிவிட்ட நேரத்தை நிஜ நேரம் எட்டிப் பிடிக்கும்வரை எதையும் தொடக் கூடாது. இருவரும் போனைப் பிடித்தபடி காத்திருந்தோம்.

"சும்மா இருக்கற நேரந்தானே. கொழந்த பால் குடிச்சுதா? நீ சாப்டியா? அதச் சொல்லு."

வேலைக்குத் திரும்பியபின் யாருமே கேட்காத கேள்வி. சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. அவர் பாட்டுக்கு "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "பத்து நிமிசம் ஆச்சு. மூக்கத் தொடச்சிட்டு இப்பத் திருத்து."

திருத்தினேன். நின்றது. மறுநாள் நேரத்துக்கு வந்து திருத்தியபோதும் நின்றது. நானும் கம்ப்யூட்டர் அறையிலேயே நின்றேன்.

இறப்புச் செய்தி வந்த மறுநாள் காலை அவரை வழியனுப்ப ஒன்பது ஐம்பத்தைந்துக்கே அவர் வீட்டு வாசலில் இருந்தேன். எடுத்துப் போயிருந்தார்கள்.

"பத்து மணிக்கே கெளம்பிட்டாங்களேம்மா" என்று அவர் மனைவி சுவரைக் காட்டினார். கடிகாரத்தில் பத்து ஐந்து. என் கையை நீட்டிக் காட்டினேன். அவர் என் கடிகாரத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். துக்க வீட்டில் இருவரும் சிரித்துவிட்டோம். அவர் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகுதான் அழுகை வந்தது.

சர்வர்கள் இரண்டும் சரியான நேரம் காட்டுகின்றன, சார். எங்கள் வீட்டுச் சமையலறைக் கடிகாரத்தை மட்டும் பத்து நிமிடம் முன்னே தள்ளி வைத்திருக்கிறேன். காலையில் அந்தப் பத்து நிமிடம் மிச்சமாகும்போது, செருப்பை மாட்டாமல், மகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.