கிராம்பு போட்ட ஒயின்

எண்பதுகளில் ஒரு சாரல் காலம். என் வீட்டுக்காரரின் பெரியம்மா மகன் பிரான்சிலிருந்து தென்காசிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அங்கே குளிர்மலைச் சரிவில், ரசாயன உரம் தொடாமல், வெறும் சாணமும் தழையும் போட்டு அவரே வளர்த்த திராட்சையின் முதல் சிவப்பு ஒயின், ஒரே ஒரு பாட்டில், பெட்டியில் இருந்தது.

குற்றாலத்துக்குக் குளிக்கக் கிளம்பும்போது தக்கையைத் திறந்து வைத்தார். "காத்துப் படட்டும் தாயி, அப்பதான் மணம் எழும்பும். ஆட்டுக்கறியக் காரம் கொறச்சு வையி, ரெண்டும் சேரும்."

அவரும் என் வீட்டுக்காரரும் போனதும் ஒரு கரண்டி குடித்துப் பார்த்தேன். வாழைக்காய்த் துவர்ப்பும் புளிப்புமாகக் குமட்டியது. எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் ஒயின் பாகாக இனிக்கும். இது வழியிலேயே கெட்டுப்போயிருக்கிறது, பாவம், அவர் மானத்தைக் காப்பாற்றுவோம் என்று சீனியும் கிராம்பும் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் பாட்டிலிலேயே ஊற்றி வைத்தேன்.

சாப்பிடும்போது அவர் தம்ளரை மூக்கருகே கொண்டுபோய் அப்படியே நிறுத்தினார்.

"தேனால்லா இருக்கு அண்ணாச்சி" என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணாச்சி ஒரு மடக்கு குடித்தார். வாயில் அகப்பட்ட கிராம்பை விரலால் எடுத்துப் பார்த்தார். என் பக்கம் திரும்பாமலே அதை மறுபடி வாயில் போட்டு மென்றார். "ஆமாலே, நல்லா வந்திருக்கு."

கை கழுவி வந்தவர், ஜன்னலோரம் கிடந்த தக்கையை எடுத்து வெகுநேரம் முகர்ந்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: ஒயின் கெடவே இல்லை, அதன் ருசியே அதுதான். மன்னிப்பு தொண்டைவரை வந்தது.

"காப்பி போடட்டுமா அத்தான்?" என்றது என் வாய்.

அந்த வாயை நினைத்தால்தான் இன்றும் குமட்டுகிறது.