முள் ஏழில் நின்ற தீபாவளி

சோலைமலையை அந்த இலங்கை மலைநாட்டுத் தோட்டத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, டர்பைன்காரர்தான். ஓடைத் தண்ணீரைக் குழாயில் இறக்கி, அதில் மின்சாரம் எடுத்துத் தேயிலை அரைக்கும் ஸ்டோரை ஓட்டுகிற இயந்திரத்துக்குப் பதினாறு வருஷமாக அவரே காவல், அவரே வைத்தியர். டர்பைன் சக்கரமான ரோதை மெதுவாகச் சுற்றினால், ஸ்டோரைப் பார்க்கும் டீமேக்கர் கத்துவார். சருகு அடைத்துக் குழாய் நின்றால் தோட்டத்தை நடத்தும் துரை கத்துவார். ஒழுங்காக ஓடுகிற நாளில் அப்படி ஒரு மனுஷன் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் லக்சபானா அணைக்கட்டுக் கரண்டுக்கு ரோட்டோரம் கம்பம் நட ஆரம்பித்தார்கள். அது வந்தால் டர்பைனுக்கு மூடுவிழா. டர்பைன்காரர் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு புல்வெட்டுக்குப் போக வேண்டியதுதான். நாற்பத்தாறு வயதில், மூட்டு வலியோடு.

அந்த நேரத்தில்தான் பேரின்பநாயகம் வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்து ரசாயனப் படிப்பாளி. கேகாலைப் பக்கத்துச் சுரங்க முதலாளி ஒருவர், தரம் போதாது என்று மலைபோலக் கொட்டி வைத்திருந்த பென்சில் கரிக் கல்லை லாரியில் ஏற்றி அவரோடு அனுப்பியிருந்தார். கல்லை மாவாக அரைத்துத் தண்ணீரில் கரைத்து, துளி மண்ணெண்ணெயும் துளி யூகலிப்டஸ் தைலமும் விட்டுக் கடைந்தால் நுரை பொங்கும். கரித்தூள் நுரையில் ஒட்டிக்கொண்டு மேலே வரும், மண் அடியில் தங்கும். நுரையை வழித்தால் கரி கிடைக்கும். அரைக்கவும் கடையவும் மின்சாரம் வேண்டும். தோட்டத்தில் அது சும்மா கிடைக்கிறது என்று துரையிடம் கேட்டு வாங்கியிருந்தார்கள்.

துரை ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். ரோதையின் வேகம் குறையாமல் இது ஓடினால், கரண்டு வந்த பிறகும் இதற்காக டர்பைனை வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாள் ஓட்டியபோது, மின்சாரம் தின்பதைக் காட்டும் மீட்டர் முள் இருபதில் போய் நின்றது. ரோதை நொண்டியது. கொழுந்து புளித்துப் போச்சு என்று டீமேக்கர் ஆடிய ஆட்டத்தைச் சொல்லி முடியாது.

"பன்னிரண்டுக்குக் கொண்டு வந்தாக் காணும்" என்றார் பேரின்பநாயகம். "ஆனா கடையிற வேகத்தில மட்டும் கை வைக்கப்படாது. புத்தகத்தில அப்பிடித்தான் இருக்கு."

புத்தகம் எழுதினவன் இந்த ஓடையைப் பார்த்தானா என்று சோலைமலைக்கு எரிச்சல் மண்டியது. மின்சாரத்தைத் தின்பது அரைக்கிற வேலை என்று அவருக்குக் கையிலேயே தெரிந்தது. எல்லாக் கல்லையும் மாவாக்குவானேன்? கொரகொரப்பாக அரைத்து ஒரு தடவை கடைந்தார். வழித்த நுரையில் வந்ததை மட்டும் மறுபடி அரைத்தார். முள் பன்னிரண்டுக்கு வந்தது. மனுஷன் அதோடு நிறுத்தியிருக்கலாம். அவருக்கு அந்தப் புத்தி இல்லை. பேரின்பநாயகம் ஐயா சாப்பிடப் போன நேரத்தில் கடைகிற சக்கரத்தையும் மாற்றி வேகத்தைக் குறைத்தார். முள் ஏழுக்கு இறங்கியது. கரி குறையவில்லை.

சுரங்க முதலாளி நேரில் வந்து பார்ப்பதாகச் சேதி வந்தது. பேரின்பநாயகத்துக்கு ஏழில் நம்பிக்கை பிறக்கவில்லை. ஸ்டோர் ஓடாத நாளாகப் பார்த்து வைத்தால், ஏதாவது பிசகினாலும் மின்சாரம் முழுக்கக் கைவசம் இருக்கும் என்று தீபாவளியன்று காலையைக் குறித்தார்.

"நல்ல நாளும் அதுவுமா வேலைக்குப் போறீங்களாக்கும்" என்று அவர் மனைவி காளியாயி சட்டியை ணங்கென்று வைத்தாள். சோலைமலை தலையில் எண்ணெய்கூட வைக்காமல் ஸ்டோருக்கு வந்தார். ரோதையைக் காக்கும் சாமியான ரோதைமுனிக்குச் சூடம் காட்டிவிட்டு இயந்திரத்தைப் போட்டார்.

நுரை வந்தது. வந்தது என்றால், தொட்டி வழிந்து தரையெல்லாம் ஓடியது. ஆனால் கரியின் மினுக்கம் இல்லை. மண்ணும் சேறும் கலந்து அழுக்குச் சாம்பல் நிறத்தில் பிசுபிசுத்தது. முதலாளி வெள்ளைச் சப்பாத்துக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வேகத்தைக் கூட்டும்" என்றார் பேரின்பநாயகம்.

கூட்டினார். முள் பதினெட்டைத் தொட்டது. நுரை இன்னும் பொங்கியது. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இன்னும் கூட்டும்."

சோலைமலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குனிந்து ஒரு கை நுரையை அள்ளி மோந்தார். சீயக்காய். நல்லெண்ணெய்யும் சீயக்காயும்.

மேலே இருந்த தொழிலாளர் லயங்களில் அறுபது குடும்பம். எல்லாருக்கும் குளிக்கத் தண்ணீர் கொட்டுவது ஒரே பீலி. விடியுமுன் தொடங்கிய எண்ணெய்க் குளியல் வரிசை பத்து மணிவரை நகரும். அந்தத் தண்ணீர்தான் ஓடையில் விழுந்து, வாய்க்காலில் இறங்கி, ஸ்டோருக்கு வருகிறது. காளியாயியின் தலைமுடிச் சீயக்காயும் இந்தத் தொட்டியில்தான் நுரைக்கிறது.

"தீபாவளிங்க ஐயா. மேல தோட்டமே தலை முழுகுது."

பேரின்பநாயகம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஐயோ, நாங்கள் ஊரில கிணத்தடியில முழுகிற ஆக்கள். இது எனக்குத் தெரியேல்லையே. நீர் முதலே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே. நாள் குறிச்சப்புறம்தானே சொன்னீங்க."

சொல்லும்போதே அவருக்குத் தன் மேலும் எரிச்சல் வந்தது. பதினாறு வருஷமாகத் தீபாவளிக்கு அந்தப் பீலியில் முழுகியவருக்கும் தோன்றவில்லையே. கூரை மழைநீரைத் தேக்கி, தீ அணைக்க வைத்திருக்கும் தொட்டியைத் திறந்தார். டீமேக்கர் பார்த்தால் உயிரை எடுப்பார், எடுக்கட்டும். வாளி வாளியாகச் சுமந்து ஊற்றி, புதுக் கல்மாவு கரைத்து, வேகத்தைப் பழையபடி தணித்தார். நுரை மெல்ல எழும்பியது. கன்னங்கரேலென்று, மினுமினுப்பாக. வழிக்க வழிக்க வந்தது. முள் ஏழில் அசையாமல் நின்றது.

முதலாளி விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். "ஹொந்தாய்" என்று சிங்களத்தில் மெச்சினார். பிறகு மீட்டருக்குக் கிட்டப் போய் நெடுநேரம் நின்றார். திரும்பி வந்து பேரின்பநாயகத்திடம் சிங்களத்தில் சொன்னது சோலைமலைக்கு நன்றாகவே விளங்கியது. இவ்வளவு மின்சாரம்தான் வேண்டுமென்றால் ஒரு சின்ன எண்ணெய் எஞ்சின் போதும். கல்லை எதற்கு மலையேற்ற வேண்டும்? எல்லாவற்றையும் சுரங்கத்துக்கே கொண்டு போய்விடலாம்.

"அப்ப நானும் வரட்டுங்களா ஐயா?" என்று கேட்டார் சோலைமலை. கேட்கவே கூச்சமாக இருந்தது.

பேரின்பநாயகம் தரையைப் பார்த்தார். "அங்க அவையின்ரை ஆக்கள் இருக்கினம். நான் சொல்லித்தான் பாக்கிறன்."

அதற்கடுத்த வாரம் தொட்டி, சக்கரம் எல்லாம் லாரியில் ஏறிப் போயின. ஐயாவும் போனார். தை பிறந்ததும் கரண்டு வந்தது. டர்பைன் அறைக்குப் பூட்டுப் போட்டார்கள். மறுநாள் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் சோலைமலை மம்பட்டியோடு நின்றார். கணக்கப்பிள்ளை அவரைப் பார்க்காத மாதிரி பேரைக் கூப்பிட்டார். பதினாறு வருஷத்தில் முதல்முறையாக, சோலைமலை என்று.

அன்று மாலை முட்டியில் தைலம் தேய்த்துவிட்டபடி காளியாயி கேட்டாள்.

"பன்னெண்டே போதும்னுதானே அந்த ஐயா சொன்னாரு? அதோட விட்டிருந்தா மிஷினு இங்கயே கெடந்திருக்கும்ல?"

"இருந்திருக்கும்."

"அப்புறம் எதுக்கு ஏழுக்குக் கொண்டு போனீங்க? ஒங்களை யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை. அதுதான் அவருக்கு ஆறவே இல்லை. காலை இழுத்துக்கொண்டார்.

"கரண்டு சும்மா வீணாப் போய்க்கிட்டிருந்துச்சு புள்ள. பாத்துக்கிட்டு எப்படி விடுறது?"