சங்கிலி போட்ட வண்டி

அத்தா, அதாவது என் அப்பா, ஆஸ்பத்திரிக்குத் தானே வண்டி ஓட்டிக்கொண்டு போனார். மூச்சு வாங்குகிறது, ஆட்டோ பிடிக்கலாம் என்று அம்மா சொன்னதற்கு, "நம்ம மூலக்குளத்துலேருந்து இந்தா இருக்கு, இதுக்கு ஆட்டோவா?" என்று கேட்டுவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். அவர் பிடிவாதம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது.

அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குள் வண்டி விட இடம் கிடையாது. பக்கத்துக் காலி மனையை ஒருவர் குத்தகைக்கு எடுத்துக் கட்டணப் பார்க்கிங் நடத்துகிறார். சனி ஞாயிறு டூரிஸ்ட் கூட்டம் வர ஆரம்பித்ததிலிருந்து எங்கள் ஊரில் காலி மனையெல்லாம் இப்படித்தான் காசு பார்க்கிறது. அத்தா அங்கே வண்டியை நிறுத்தி, டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசல்வரை நடந்திருக்கிறார். வரவேற்பு மேசையில் பெயரைச் சொன்னதும் சரிந்துவிட்டாராம். ஆபீசிலிருந்து நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவர் சட்டையைக் கத்தரித்து எடுத்திருந்தார்கள். அன்று சாயங்காலம் போய்விட்டார்.

மறுநாள் மதியத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் ஜனாஸா, இறந்தவருக்கான தொழுகை. அது தொடங்குவதற்கு முன் மகன் எழுந்து நின்று சபையிடம் ஒன்று சொல்ல வேண்டும். நானும் சொன்னேன். "எங்க அத்தா யாருக்காவது பாக்கி வச்சிருந்தா எங்கிட்ட கேட்டு வாங்கிக்குங்க. அது இனிமே என் பொறுப்பு." கடன் தீராமல் ஒருவரை அடக்கம் செய்தால் அவர் ஆத்மா அந்தக் கடனோடு தொங்கிக்கொண்டிருக்கும் என்பது எங்கள் நம்பிக்கை. யாரும் வரவில்லை. வர மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு பேனா இரவல் வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கும்வரை அத்தா தூங்க மாட்டார், எங்களையும் தூங்க விடமாட்டார்.

அம்மா இத்தாவில் உட்கார்ந்தார். கணவனை இழந்தவர் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருப்பதுதான் இத்தா. உறவுக்காரப் பெண்கள் வந்து கட்டிக்கொண்டு அழுதார்கள். அம்மாவுக்கு மட்டும் அழுகை வரவில்லை. கல்லு மாதிரி இருக்காங்களே என்று கூடத்தில் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. வந்தவர்கள் கிளம்பிய பிறகு அம்மா என்னிடம், "அவரு வண்டி எங்கப்பா?" என்று கேட்டார். அதுவரை அந்த நினைப்பே எனக்கு இல்லை.

போய்ப் பார்த்தால் ஸ்கூட்டரின் பின் சக்கரத்தில் சங்கிலி. குத்தகைக்காரர் வேப்பமரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ராத்திரி தங்கிய வண்டிக்கு ஒவ்வொரு ராத்திரிக்கும் தண்டம், டோக்கன் இல்லாததற்கு ஒரு தண்டம், சங்கிலி போட்டதற்குத் தனியாக ஒரு தண்டம் என்று அடுக்கினார். வாசல் போர்டில் நாள் வாடகை மட்டும்தான் எழுதியிருந்தது. தண்டமெல்லாம் டோக்கன் கொடுக்கும் கூண்டுக்குள் ஒட்டியிருந்த ஒரு துண்டுத் தாளில் இருந்தது. வண்டி விடுகிறவன் கண்ணில் அது படவே படாது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"டோக்கன் போட்டிருந்த சட்டையயே வெட்டிட்டாங்க சார். அந்த மனுஷனே இல்ல. போர்டுல இருக்கறத வாங்கிக்குங்க."

"அதுக்கு நான் என்ன பண்றது? டோக்கன தொலைச்சது உங்க அப்பாதானே? அவரு பாக்கி இது. பையன் நீங்கதான் குடுக்கணும்."

பாக்கி என்ற அந்த வார்த்தையை வேறு யார் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேனோ என்னவோ. சபை நடுவே அன்றைக்கு நான் சொன்னதை இந்த ஆள் எடுத்து என் முகத்திலேயே எறிகிறார் என்று தோன்றியது. கை ஓங்காமல் திரும்பி வந்ததே பெரிய விஷயம்.

அம்மா சொன்னார்: "குடுத்துடுப்பா."

"குடுத்தா அத்தா மேல தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா. அநியாயம் அது."

"அநியாயமோ நியாயமோ. அவன் மனசுல பாக்கின்னு இருக்கில்ல? நான் இங்க எப்படிடா நிம்மதியா உக்காந்திருப்பேன்?"

கொடுத்தால் அத்தாவுக்கு இல்லாத குற்றம் சேரும், கொடுக்காவிட்டால் அம்மாவுக்கு நிம்மதி இல்லை. போர்டையும் துண்டுத் தாளையும் போட்டோ எடுத்து நகராட்சியில் புகார் கொடுத்தேன். அந்த மனையில் வசூல் செய்ய அனுமதி வாங்கியிருக்கிறாரா என்றும் அதில் கேட்டிருந்தேன். ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அலையவிட்டார்கள். ஆபீசுக்கு லீவு போட்டு அலைந்தேன். வீடு திரும்பும்போதெல்லாம் அம்மா என் முகத்தைப் பார்ப்பார். நான் உதட்டைப் பிதுக்குவேன்.

கடைசியில் ஒரு நாள் குத்தகைக்காரரே போன் செய்தார். நகராட்சி ஆள் வந்து விசாரித்துவிட்டுப் போயிருந்தார் போலிருக்கிறது. நான் போனபோது சங்கிலியைக் கழற்றித் தரையில் போட்டிருந்தார்.

"எடுத்துட்டு போங்க சார். ஒண்ணும் வேணாம், மன்னிச்சு விட்டுட்டேன். அந்தப் புகார மட்டும் பாத்துக்குங்க."

"மன்னிக்கற அளவுக்கு எங்க அத்தா என்ன செஞ்சாரு?"

அவர் விழித்தார். போர்டில் இருந்த நாள் வாடகையை வண்டி நின்ற அத்தனை நாளுக்கும் எண்ணி அவர் கையில் வைத்தேன். பிறகு கேட்டேன்: "எங்க அத்தா உங்களுக்கு எதாவது பாக்கியா? ஆமான்னா ஆமான்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க."

"என்ன சார், சத்தியம் வாங்கற மாதிரி கேக்கறீங்க?"

பள்ளிவாசலில் சொன்னதை அவரிடம் சொன்னேன். வீட்டில் அம்மா வெளியே வரமுடியாமல் இந்த ஒரு வார்த்தைக்காக உட்கார்ந்திருப்பதையும் சொன்னேன். சண்டைக்காரனாகப் போனவன்தான், பாதியில் குரல் உடைந்துவிட்டது. அவர் நாற்காலியைவிட்டு எழுந்தார். என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இல்ல. உங்க அப்பா எனக்கு ஒண்ணும் பாக்கி இல்ல."

கூண்டுக்குள் அந்தத் துண்டுத் தாள் அப்போதும் ஒட்டியிருந்தது. நானே போய்க் கிழித்தேன். அவர் தடுக்கவில்லை.

வீட்டு வாசலில் வண்டி சத்தம் கேட்டும் அம்மா ஜன்னலுக்கு வரவில்லை. உள்ளே போனதும், "அவன் வாயாலயே சொன்னானா?" என்றார்.

"சொன்னாரும்மா. ஒண்ணும் பாக்கி இல்லன்னு அவரு வாயாலயே சொன்னாரு."

அம்மா சுவரில் சாய்ந்தார். "அப்ப இனிமே உங்க அத்தாவுக்கு இங்க ஒரு வேலையும் இல்ல," என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி ஓவென்று அழ ஆரம்பித்தார்.