பெட்டியைக் கழுவினார்கள்

என் தாயாரின் அடக்கத்துக்குச் சபையின் ஆர்மோனியப் பெட்டியைக் கேட்டேன். மூப்பர் முடியாது என்றார். அந்தப் பெட்டியை ஞாயிறுதோறும் வாசித்துக்கொண்டிருந்தவளே நான்தான்.

இது ஐம்பதுகளில் ஓசூர்ப் பக்கம் ஒரு சின்னச் சபையில் நடந்தது. மிஷன் போர்டிங்கில் ஐந்தாவது வரை படித்தபோது பெட்டி வாசிக்கப் பழகியிருந்தேன். சபையில் வேறு யாருக்கும் அது தெரியாது. அதனால்தான் கூலிக்காரத் தெருப் பெண்ணைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தார்கள். ஒரு பாட்டு தமிழில், அடுத்த பாட்டு தெலுங்கில் என்று ஆராதனை நடக்கும். தலை நிமிராமல் வாசித்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விடுவேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது.

பெரிய தெருவில் யாராவது இறந்தால் பெட்டி போகும். வாசலில் ஒருமுறை, கல்லறையில் ஒருமுறை முக்காலி போட்டு வைப்பார்கள், நான் வாசிப்பேன். எங்கள் தெருவில் செத்தவர்கள் வெறும் வாய்ப்பாட்டோடு போனார்கள்.

"அந்தத் தெருவுக்குப் பெட்டி போற வழக்கமில்ல எஸ்தரு. வாயால பாடுங்க, ஆண்டவருக்குக் கேக்கும்" என்றார் மூப்பர். அவருடைய மாந்தோப்பில்தான் அம்மா சாகிற வரைக்கும் களை வெட்டினாள்.

போதகர் ஐயா பயந்த மனிதர். மூப்பர் பெங்களூர் பஸ் ஏறின பிறகு, பெட்டியை எடுத்துப்போய்ச் சீக்கிரம் திருப்பி வைக்கும்படி என் தம்பி தாவீதிடம் மெதுவாகச் சொன்னார். அம்மாவைப் பெட்டி வாசித்து அடக்கம் பண்ணினோம்.

மூப்பருக்குச் சேதி எட்டியது. ஊர் திரும்பியதும் மணியடிக்கிறவரைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கழுவச் சொல்லியிருக்கிறார். துடைக்க அல்ல, கழுவ. பானை பானையாகத் தண்ணீர் ஊற்றிச் சீயக்காய் போட்டுத் தேய்த்து வெயிலில் காய வைத்தார்களாம். மணியடிக்கிறவர் மனைவிதான் ஞாயிறு காலை வந்து என்னிடம் சொன்னாள்.

அன்றைக்கு உட்கார்ந்து துருத்தியை இழுத்தேன். ஒட்டியிருந்த தோல் பிரிந்து, காற்றெல்லாம் பின்னால் போனது. பாட்டுக்குப் பதிலாக இழுப்பு நோய்க்காரர் மூச்சு மாதிரி ஒரு சத்தம் வந்தது. மூப்பர் எழுந்து எல்லோரையும் பார்த்துச் சொன்னார்:

"பாத்தீங்களா? ஒருநாள் அங்க போனதுக்கே பெட்டி கெட்டுப்போச்சு."

நான் எழுந்தேன்.

"பெட்டி எங்க தெருவுல நல்லாத்தாங்க பாடுச்சு. உங்க தண்ணி பட்டுத்தான் செத்துச்சு. தீட்டுன்னா அது என் கையிலயும் இருக்குதுங்களே, இத்தன நாளா அதுலதான வாசிச்சேன்? இதயும் கழுவிட்டுப் போங்க."

பெண்கள் பாயில் யாரோ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது கேட்டது. கையை நீட்டியபடியே நின்றேன். மூப்பர் உட்கார்ந்துவிட்டார். நான் முன்வாசல் வழியாக வெளியே போனேன்.

பெங்களூரில் பெட்டியைப் பழுது பார்த்து வரும்வரை சபை வாயால்தான் பாடியது. வந்த அன்றைக்குப் போதகர் ஐயா எங்கள் வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை வந்து வாசிக்கச் சொன்னார். முதல் ஆராதனை எங்கள் தெருவில் நடக்கட்டும், அதற்குப் பிறகு அங்கே வாசிக்கிறேன் என்றேன். அவர் போய்ப் பெட்டியைத் தானே தலையில் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் பெரிய தெரு வழியாக வந்தார். மூப்பர் வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் தெருச் சாவுகளுக்கும் பெட்டி போனது. திரும்பி வந்த பிறகு யாரும் அதைக் கழுவவில்லை.

இப்போது சபையில் கீபோர்டு வாசிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். வாசிக்கத் தெரிந்தால் உங்களை முன்னால் உட்கார வைப்பார்கள். எந்த வாசலுக்குப் போய் வாசிக்கக்கூடாது என்கிறார்களோ, அந்த வாசலுக்கு முதலில் போங்கள். ஊழியம் செய்கிறவளுக்குக் கோபம் ஆகாது என்று பலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். எத்தனையோ காரியத்துக்காக ஜெபித்திருக்கிறேன். இந்தக் கோபம் போகட்டும் என்று ஒருநாளும் ஜெபித்ததில்லை.